திருவாதவூரர் அடிச்சுவட்டில் சென்ற வானொலி வல்லுநர் அமரர் சோ. சிவபாதசுந்தரம்

மார்கழி மாதத்திலே திருவெம்பாவைப் பூசை தொடங்கிவிட்டால் படுவான்கரைக் கிராமங்களின் விடியற்பொழுது தனி அழகு பெற்றுவிடும். பனி மூடிய வட்டைகளுக்கு மேலாகச் சங்கொலியும் சேமக்கல ஓசையும் மிதந்து வரும். வெல்லாவெளியிலும், பழுகாமத்திலும், மண்டூரிலும், கோவில்போரதீவிலும் பாடசாலைப் பிள்ளைகள் முதல் வயோதிபர் வரை குளித்து முழுகி ஆலயத்தில் கூடுவர். மணிவாசகப் பெருமான் திருவண்ணாமலையில் அருளிச்செய்த இருபது பாடல்களும் கடல் கடந்து வந்து ஈழத்தின் வாவிக்கரை ஊர்களில் ஆண்டுதோறும் ஒலிக்கின்றன.

பாடுவோர் பலர் உளர். ஆனால் அப்பாடல்களைப் பாடிய அடியார் எந்த ஊரிலே பிறந்தார், எந்த வழியால் நடந்தார், எந்த மரத்தடியில் குருவைக் கண்டார், எங்கே இறைவனோடு கலந்தார் என்பதையெல்லாம் அவ்வவ் ஊர்களுக்கே நேரிற் சென்று கண்டு எழுதிவைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஈழத்தவர். தொழிலால் அவர் வானொலியாளர். உலகத் தமிழர் அனைவரும் அறிந்த தமிழோசை என்ற வானொலிப் பெயரைத் தந்தவரும் அவரே. அப்பெருமகனார்தான் அமரர் சோ. சிவபாதசுந்தரம் அவர்கள்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் அவசியமாகின்றது. ஈழத்துச் சைவ உலகில் சிவபாதசுந்தரம் என்ற பெயருடன் இருவர் புகழ் பெற்றனர். ஒருவர் சுழிபுரம் விக்டோரியாக் கல்லூரியின் அதிபராக விளங்கிச் சைவ சித்தாந்த நூல்கள் பல எழுதிய புலோலியூர் சு. சிவபாதசுந்தரனார் ஆவார். மற்றவரே இக்கட்டுரையின் நாயகர். இருவரும் சைவத்துக்குத் தொண்டு செய்தவர்களே எனினும் அவர்களின் வழிகள் வேறு.

பிறந்த மண்ணும் காலமும்

சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் 1912 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27 ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சேர்ந்த கரம்பன் என்னும் ஊரிலே பிறந்தார். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அண்டிய ஊர் அது. பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்குப் போய்வந்த காலத்தில் பண்டங்களும் நூல்களும் செய்திகளும் அத்துறை வழியாகவே வந்திறங்கின. அடுத்த ஆண்டிலே, அதாவது 1913 இல், அதே கரம்பன் ஊரிலே மற்றொரு தமிழ்த் தொண்டரும் பிறந்தார். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகளார்தான் அவர். ஒரு சிற்றூர் ஒரே காலப்பகுதியில் தமிழை உலகெங்கும் கொண்டுசென்ற இருவரை ஈன்றெடுத்தமை வியத்தற்குரியது.

சிவபாதசுந்தரம் அவர்கள் பிறந்த வேளையில் இலங்கையில் வானொலி என்ற ஒன்றே இருக்கவில்லை. ஊருக்கு ஊர் செய்தி சொல்லப் பறையும், தூர தேசத்துக்குத் தபாலும் தந்தியுமே இருந்தன. 1923 ஆம் ஆண்டளவில்தான் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் எட்வேட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் ஒலிபரப்புச் சோதனைகளை நடத்தினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி இயங்கத் தொடங்கியது. தீவகத்துச் சிறுவன் ஒருவன் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவன் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் தொழிலும் கொழும்பிலே தவழத் தொடங்கியிருந்தது.

ஈழகேசரியில் பெற்ற பயிற்சி

வானொலிக்குச் செல்லுமுன் அன்னாரைப் பண்படுத்தியது பத்திரிகைத் துறையாகும். குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா அவர்கள் 1930 ஆம் ஆண்டு தொடக்கிய ஈழகேசரி, வடபகுதியிலிருந்து வெளிவந்த தமிழ் வார இதழ்களுள் தலையாயது. சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சாகி வெளிவந்த இவ்விதழ் 1958 வரை நீடித்தது. 1938 முதல் 1942 வரை அதன் ஆசிரியர் பொறுப்பைச் சிவபாதசுந்தரம் அவர்கள் வகித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு முதல் முப்பது வரை.

அந்த அழுத்தகத்தின் சூழலே ஒரு கல்விக்கூடமாக இருந்தது. மகாவித்துவான் சி. கணேசையர் அவர்களின் உரைவிளக்கக் குறிப்புகளுடன் தொல்காப்பியத்தைப் பதிப்பித்து வெளியிட்டவரும் பொன்னையா அவர்களே. ஒரு பக்கம் இலக்கணப் பெருநூலுக்கு ஈயெழுத்துக் கோர்ப்பார்கள். மறுபக்கம் அந்தக் கிழமைச் செய்தித்தாளுக்கு எழுத்துக் கோர்ப்பார்கள். பண்டிதர்களின் தமிழும் சாதாரண மக்களின் தமிழும் ஒரே கூரையின் கீழ் சந்தித்த இடம் அது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளும் அவ்விதழிலே எழுதினர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. கடதாசி தட்டுப்பாடு, செய்திகளுக்குத் தணிக்கை. வீண் சொல் ஒன்றுக்கும் இடமில்லை. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவும், கல்வி குறைந்தவரும் விளங்கிக்கொள்ளும் வகையிலும், அதே வேளை பிழையற்ற தமிழிலும் சொல்ல வேண்டும். பின்னாளில் ஒலிவாங்கியின் முன்னால் அமர்ந்தபோது அன்னாருக்குக் கைகொடுத்தது இப்பயிற்சியே எனலாம்.

காற்றிலே சென்ற தமிழ்

பத்திரிகைப் பணிக்குப் பின்னர் சிவபாதசுந்தரம் அவர்கள் இலங்கை வானொலியிலே தமிழ் நிகழ்ச்சித் துறையில் பணியாற்றினார். போர்க்காலத்தில், 1944 இல், தென்கிழக்காசியப் படைத்தலைமைக்கென ஒரு வானொலி நிலையம் கொழும்பில் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு மாறி 1949 இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. அதன் சிற்றலை ஒலிபரப்பு இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் கேட்டது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று.

இந்நாளில் கைத்தொலைபேசியிலே எல்லாவற்றையும் பார்த்துக் கேட்கும் பிள்ளைகளுக்கு அக்காலத்து வானொலியின் அருமை எளிதில் விளங்காது. ஓர் ஊருக்கு ஒன்று அல்லது இரண்டு வானொலிப் பெட்டிகளே இருக்கும். அதுவும் போடியார் வீட்டிலோ, கடையிலோ, வாசிகசாலையிலோதான். வெளியே உயர்ந்த கம்பத்தில் ஏரியல் கம்பி கட்டப்பட்டிருக்கும். மின்சாரம் எட்டாத ஊர்களில் கனத்த பற்றரி வைத்து இயக்குவார்கள். மாலை வேளையில் வயல் வேலை முடிந்து வருவோர் திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து கேட்பார்கள். இரைச்சலுக்கு நடுவே வரும் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அது போனதுதான். திரும்பிக் கேட்க வழியில்லை.

இங்கேதான் ஒலிபரப்பாளரின் கடமை பெரிதாகின்றது. புத்தகத்தைப் படிப்பவர் விளங்காவிட்டால் பக்கத்தைத் திருப்பி மறுபடியும் படிக்கலாம். மேடைப் பேச்சைக் கேட்பவர் பேசுபவரின் முகத்தையும் கையசைவையும் கண்டு பொருளை ஊகிக்கலாம். வானொலியிலே இவை எதுவும் இல்லை. குரல் ஒன்றுதான். ஆகவே வசனம் குறுகியதாக இருக்க வேண்டும். உச்சரிப்புத் தெளிவாக இருக்க வேண்டும். ல, ள, ழ என்பவற்றின் வேறுபாடு காதுக்குத் தெரிய வேண்டும். பல்லாயிரம் பேர் கேட்டாலும், ஒரே ஒருவருக்கு எதிரே இருந்து கதைப்பது போன்ற அமைதி குரலில் இருக்க வேண்டும்.

ஆலயத்திலே புராணபடனம் செய்யும்போது ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லும் மரபை அடியார்கள் நன்கறிவர். பயன் சொல்பவர் மூலத்துக்கு மாசு வராமலும், கேட்பவருக்குச் சுமை ஏறாமலும் சொல்ல வேண்டும். வானொலியாளர் செய்வதும் ஏறக்குறைய அதுவேதான். அவர் முன்னால் சபை தெரிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தமிழோசை என்ற திருநாமம்

லண்டன் பி.பி.சி. நிறுவனத்தின் தமிழ் ஒலிபரப்பு 1941 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆரம்பமாயிற்று. உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளை அது. போர்ச் செய்திகளைத் தமிழ் மக்களுக்கு எட்டச் செய்வதே அதன் முதல் நோக்கம். தொடக்கத்தில் அது செய்திமடல் என்ற அளவிலேயே இருந்தது. 1940களின் பிற்பகுதியில் லண்டன் சென்று அப்பணியில் அமர்ந்த சிவபாதசுந்தரம் அவர்கள் அதற்குத் தமிழோசை எனப் பெயர் சூட்டினார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஆலயம் ஒன்றுக்கோ குழந்தைக்கோ பெயர் வைக்கும்போது பெரியோர் எவ்வளவு யோசிக்கின்றனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். செய்திமடல் என்றால் அது ஓர் அலுவலகத்துக் கடிதம் போன்றது. அரசாங்கம் மக்களுக்குச் சொல்லும் சங்கதி. தமிழோசை என்றாலோ அது கேட்பவருக்குச் சொந்தமான ஒன்றாகிவிடுகின்றது. பெரிய வடமொழிச் சொல்லும் இல்லை. ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பும் இல்லை. பள்ளி செல்லாத பாட்டியும் சொல்லக்கூடிய இரண்டு எளிய சொற்கள். மேலும் ஓசை என்பது சைவர்களுக்குப் புனிதமானது. இறைவனை ஓசையாகவும் ஒலியாகவும் கண்டு பாடியவை தேவாரங்கள். நாதமே சிவனின் வடிவம் என்பது ஆகமக் கொள்கை. திருமுறைகளில் தோய்ந்த உள்ளத்துக்கு இச்சொல் இயல்பாகவே கிடைத்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

அந்தப் பெயர் நிலைத்து நின்றது. எத்தனையோ அறிவிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள், பெயர் மாறவில்லை. ஈழத்தின் போர்க்காலத்திலே அப்பெயரின் பெறுமதியைச் சனங்கள் உணர்ந்தனர். மின்சாரமும் பத்திரிகையும் எட்டாத படுவான்கரைக் கிராமங்களிலே இரவானதும் ஒரு சிறு பற்றரி வானொலியைச் சூழ்ந்திருந்து லண்டன் செய்தி கேட்ட குடும்பங்கள் ஏராளம். வடபகுதியில் பற்றரி கிடையாத நாட்களிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்திலே செய்தி கேட்டவர்களும் உண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஊர் இடம்பெயர்ந்தது, பேச்சுவார்த்தை என்னவாயிற்று என்று அறிய அந்த ஓசையை நம்பியிருந்தார்கள். அதற்குப் பெயர் வைத்தவர் கரம்பனூர்த் தமிழர் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

சிற்றலை வானொலியில் தமிழோசை 2017 ஏப்ரல் மாத இறுதியுடன் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ எழுபத்தாறு ஆண்டுகள் வானில் ஒலித்த ஒலிபரப்பு அது.

ஒலிபரப்பும் ஒரு கலையே

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் கற்பிக்க விரும்பிய சிவபாதசுந்தரம் அவர்கள் ஒலிபரப்புக் கலை என்ற நூலை எழுதினார். 1954 இல் வெளிவந்த அந்நூலுக்கு மூதறிஞர் ராஜாஜி அவர்கள் முன்னுரை வழங்கினார். இத்துறையில் தமிழில் எழுந்த முன்னோடி நூலாக அது போற்றப்படுகின்றது.

நூலின் தலைப்பே சிந்திக்கத்தக்கது. வானொலி என்பது இயந்திரமும் மின்சாரமும் சேர்ந்த விஞ்ஞானக் கருவி என்றே பலரும் நினைத்திருந்த காலத்தில், அதைக் கலை என்று அவர் பெயரிட்டார். கலை என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும், அடக்கம் வேண்டும், ரசிகரிடத்தில் மரியாதை வேண்டும். நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் சாதகம் செய்யாமல் வீதியுலாவில் வாசிக்க முன்வருவதில்லை. கூத்துக் கலைஞர் அண்ணாவியாரிடம் பழகாமல் களரி ஏறுவதில்லை. அவ்வாறே ஒலிவாங்கியின் முன் பேசுபவரும் தம்மைப் பழக்கிக்கொண்டே பேச வேண்டும் என்பது அத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது. கலைஞர் என்ற சொல்லுக்கு அன்னார் உரியவராவது இதனாலேயே ஆகும்.

மாணிக்கவாசகர் சென்ற வழியில்

வானொலியாளர் எவருக்கும் உள்ள ஒரு குறை உண்டு. நாள் முழுவதும் முயன்று எழுதி, நன்றாகப் பேசினாலும், பேசி முடிந்த கணத்திலேயே அது காற்றோடு போய்விடும். அக்காலத்தில் எல்லா நிகழ்ச்சிகளையும் பதிந்து வைக்கும் வசதியும் இருக்கவில்லை. தம் தொழில் காற்றோடு போவது என்று உணர்ந்த ஒருவர், காலத்தால் அழியாத சுவடுகளைத் தேடிப் புறப்பட்டமை பொருத்தமானதே. அவ்வாறு பிறந்த நூல்தான் மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில் என்பதாகும்.

மணிவாசகர் வரலாற்றைச் சைவர் யாவரும் அறிவர். எனினும் அவர் நடந்த பாதையைத் தலம் தலமாக எண்ணிப் பார்த்தால்தான் அந்த வாழ்வின் தூரம் விளங்கும்.

மதுரைக்கு அண்மையில், மேலூருக்குப் பக்கத்திலே உள்ளது திருவாதவூர். அங்கே பிறந்து, பாண்டியனிடம் முதலமைச்சராகிய வாதவூரர், குதிரை வாங்குவதற்கெனப் பெரும் பொருளுடன் கீழைக் கடற்கரை நோக்கிச் செல்கின்றார். வழியிலே திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் இறைவனையே குருவாகக் காண்கின்றார். குதிரைப் பணம் கோயிற் பணியாகின்றது. பின்னர் நரி பரியானது, பரி நரியானது, வைகை பெருகியது, பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் பிரம்படி பட்டார். அமைச்சுப் பதவியைத் துறந்த அடியார் உத்தரகோசமங்கை, திருக்கழுக்குன்றம், திருவண்ணாமலை எனத் தலங்கள் தோறும் சென்று பாடி, முடிவிலே தில்லையை அடைகின்றார்.

இத்தலங்களுள் திருப்பெருந்துறை இந்நாளில் ஆவுடையார்கோயில் எனப்படும். தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. சிவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, இது தெற்கு நோக்கியது. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, கருவறையிலே ஆவுடையார் மட்டும் உண்டு, அதன்மேல் பாணலிங்கம் இல்லை. ஆத்மநாதர் அருவமாகவே எழுந்தருளியிருக்கின்றார். யோகாம்பாள் சந்நிதியிலும் அம்பிகையின் திருவுருவம் இல்லை. திருவடிச் சுவடுகள் மாத்திரமே உள்ளன. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் பரப்பி, அதிலிருந்து எழும் ஆவியையே நைவேத்தியமாக நிவேதிக்கும் வழக்கம் அங்குள்ளது. கல்லினாலான கொடுங்கைகளின் நுணுக்கத்தைக் கண்டோர் அதிசயிப்பர்.

உருவம் இல்லாத இறைவன், சுவடு மட்டும் உள்ள அம்பிகை. முகம் தெரியாமல் குரலாலே மாத்திரம் மக்களை அடைந்த ஒரு வானொலியாளர், அடிச்சுவடு என்ற சொல்லைத் தம் நூலுக்குத் தெரிந்தெடுத்தார். ஆவுடையார்கோயில் சென்று தொழுதவர்களுக்கு அச்சொல்லின் பொருள் இன்னும் ஆழமாகப் புலப்படும்.

ஈழத்தவருக்கு மணிவாசகரிடத்தில் தனி உரிமையும் உண்டு. வாதவூரடிகள் புராணம் கூறும் வரலாற்றின்படி, ஈழத்து மன்னன் தன் பௌத்த குருவுடனும் பிறவியிலேயே ஊமையான தன் மகளுடனும் தில்லைக்குச் சென்றான். வாதத்தின் முடிவிலே மணிவாசகர் அப்பெண்ணை நோக்கி, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை கூறுமாறு பணித்தார். பேசாத பெண் பேசினாள். அவ்வினாக்களும் விடைகளுமே திருச்சாழல் என்ற பதிகமாயின என்பர். ஈழத்துப் பிள்ளைக்குப் பேச்சைக் கொடுத்தவர் மணிவாசகர். பல நூற்றாண்டுகளின் பின் ஈழத்தில் பிறந்து, பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அவருடைய ஊர்களைத் தேடிச் சென்றதை ஒரு நன்றிக்கடன் என்றே அடியார்கள் கொள்ளலாம்.

புத்தரும் சேக்கிழாரும்

மணிவாசகருடன் அப்பயணம் நிற்கவில்லை. கௌதம புத்தர் அடிச்சுவட்டில், சேக்கிழார் அடிச்சுவட்டில் என்னும் நூல்களையும் அன்னார் எழுதினார்.

சைவப் பெருங்குடியில் வந்த ஒருவர் புத்தரின் வழியிலே யாத்திரை செய்து, தமிழில் நூல் எழுதியது கவனிக்கத்தக்கது. லும்பினியில் பிறப்பு, புத்தகயையில் ஞானம், சாரநாத்தில் முதல் உபதேசம், குசிநகரத்தில் பரிநிர்வாணம் எனப் புத்தர் வாழ்வும் ஒரு நீண்ட நடையே. மதத்தின் பெயராலும் மொழியின் பெயராலும் மனங்கள் கசந்துபோன இலங்கைத் தீவிலே, மாற்றாரின் பெரியாரையும் நேரிற் சென்று அறிந்து மதிக்கும் பண்பு அரியது. தன் சமயத்தில் உறுதியாய் நிற்பவனே பிற சமயத்தை அச்சமின்றி அணுகுவான் என்பதற்கு அன்னார் உதாரணமாவார். போர் தந்த இழப்புகளைக் கண்ட கிழக்கு மாகாண மக்களுக்கு இந்த உண்மை வெறும் ஏட்டுப் படிப்பன்று.

சேக்கிழாரைப் பின்தொடர்ந்ததும் காரணத்தோடுதான். தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், அநபாய சோழனின் அமைச்சர். அரச கருமங்களைப் பார்த்த அப்பெருமான், அடியார்களின் ஊர், குலம், தொழில், தொண்டு என்பவற்றை ஒழுங்காகத் திரட்டி, தில்லையிலே இருந்து பெரியபுராணத்தைப் பாடினார். குயவர், வேடர், வண்ணார், வணிகர், அரசர் என எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றிய நூல் அது. சேக்கிழார் இல்லையேல் கண்ணப்பரும் திருநாளைப்போவாரும் பெயரளவிலேயே நின்றிருப்பர். எழுதிவைத்தவரின் பெருமை அதுவே.

பிற்கால வாழ்வு

பின்னர் சென்னையிலே நீண்டகாலம் வாழ்ந்த சிவபாதசுந்தரம் அவர்கள், சிட்டி என்ற புனைபெயரால் அறியப்பட்ட எழுத்தாளர் பெ. கோ. சுந்தரராஜனுடன் சேர்ந்து இரு பெரும் ஆய்வு நூல்களை ஆக்கினார். சிட்டி அவர்களும் அகில இந்திய வானொலியிற் பணியாற்றியவரே. தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றைக் கூறும் நூல் 1977 இலும், தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றையும் வளர்ச்சியையும் கூறும் நூல் 1989 இலும் வெளிவந்தன. இந்நூல்களும் ஒருவகையில் அடிச்சுவடு தேடும் பணிதான். மறக்கப்பட்ட எழுத்தாளர்களையும், கிடைத்தற்கரிய பழைய இதழ்களையும் தேடிப் பிடித்து ஒழுங்குபடுத்தும் வேலை அது. சிறுகதை வரலாறு வெளிவந்தபோது அன்னாருக்கு வயது எழுபத்தேழு. ஓய்வு பெற்றோம், இனிச் சாய்மனைக் கதிரையில் இருப்போம் என்று அவர் எண்ணவில்லை.

ஈழத்துக் கரம்பனும், சுன்னாகத்து அச்சுக்கூடமும், கொழும்பும், லண்டனும், சென்னையும் கண்ட அந்த நீண்ட வாழ்வு 2000 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி நிறைவெய்தியது. அன்னாருக்கு அப்போது வயது எண்பத்தெட்டு.

அடியார்கள் கொள்ள வேண்டிய பாடம்

ஆயிரக்கணக்கானோர் கேட்ட குரல் அது. இன்று அக்குரலைக் கேட்க விரும்பினால் எளிதிலே கேட்க முடியாது. ஆனால் அவர் எழுதிய நூல்களை இன்றும் எடுத்துப் படிக்கலாம். பேச்சு போய்விட்டது, எழுத்து நிற்கின்றது. இதிலே ஆலயங்களுக்கும் ஊர்களுக்கும் ஒரு பாடம் இருக்கின்றது.

வெல்லாவெளி பழமையான மண். பிராமி எழுத்துப் பொறித்த பழங் கல்வெட்டுகள் கண்டறியப்பட்ட ஊர் இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கல்லிலே உளியால் எழுதிவைத்தமையால்தான் அக்காலத்திலும் இங்கே மனிதர் வாழ்ந்தனர் என்று இன்று நிறுவ முடிகின்றது. அதன் பின்னர் இம்மண்ணில் வாழ்ந்த எத்தனையோ தலைமுறைகளின் பூசை முறைகளும், பாடல்களும், வண்ணக்கர்மாரின் நிர்வாக ஒழுங்குகளும் வாய்மொழியாகவே வந்தன. கண்ணகையம்மன் குளுத்திப் பாடல்களும், காவியங்களும், கூத்துப் பாடல்களும் கட்டாடிமார், பூசகர்மார், அண்ணாவிமார் ஆகியோரின் நாவிலே வாழ்ந்தன. ஒரு முதியவர் காலமாகும்போது ஓர் ஏட்டுக்கட்டே எரிந்தது போலாகின்றது.

இருந்த ஏடுகளுக்கும் பாதுகாப்பில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியிலே கூரைகள் பறந்து, மழையில் நனைந்து அழிந்த ஏடுகளும் குறிப்புப் புத்தகங்களும் எத்தனையோ. பின்னர் போரும் இடம்பெயர்வும் வந்தன. கையில் அகப்பட்ட உடுதுணியுடன் ஓடியவர்கள் ஏட்டையும் கணக்குக் கொப்பியையும் எப்படிக் கொண்டு செல்வர்?

ஆயினும் முயன்றவர்கள் இருந்தனர். அயலூரான மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டியமையால் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூல் 1964 இல் வெளிவந்தது. கண்ணகி வழக்குரையையும் அவர் பதிப்பித்தார். எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சேற்றினார். வடபுலத்தில் சிவபாதசுந்தரம் அவர்களும், கீழ்ப்புலத்தில் இவர்களும் செய்தது ஒரே பணி. கேள்விப்பட்டதோடு நில்லாமல் நேரிற் செல், கண்டதை எழுது, எழுதியதை மக்கள் கையில் கொடு என்பதே அந்தப் பணியின் சாரம்.

ஆகவே ஆலயத் திருவிழாவுக்கு வரும் இளைஞர்கள், வீட்டிலுள்ள மூத்தோரிடம் ஒரு மாலைப்பொழுதாவது இருந்து கேட்க வேண்டும். ஆலயக் கிணறு எப்போது வெட்டப்பட்டது, முதல் மணியை வார்ப்பித்துக் கொடுத்தவர் யார், எந்தக் குடியினர் எந்தத் திருவிழாவைச் செய்தனர், சூறாவளிக்கு முன்னர் மண்டபம் எப்படி இருந்தது என்பனவற்றைக் கொப்பியில் எழுத வேண்டும். கையிலே இருக்கும் தொலைபேசியில் அவர்களின் குரலையும் பதிந்து வைக்கலாம். சிவபாதசுந்தரம் அவர்களின் தலைமுறைக்கு எளிதில் கிட்டாத வசதி இன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கின்றது.

இதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தில்லையிலே மணிவாசகர் தங்கியிருந்தபோது அந்தணர் ஒருவர் வந்து திருவாசகத்தைச் சொல்லுமாறு வேண்டினார். அடிகள் சொல்லச் சொல்ல அந்த அந்தணர் ஏட்டிலே எழுதினார். எழுதியவர் சிற்றம்பலமுடையார் என்பது மறுநாள் ஏட்டிலிருந்த கைச்சாத்தினால் தெரியவந்தது. பொருள் கேட்ட தில்லைவாழ் அந்தணருக்கு நடராசப் பெருமானையே பொருளாகக் காட்டி, அடிகள் அப்பெருமானோடு கலந்தார். அடியாரின் வாய்ச்சொல் காற்றோடு போகக்கூடாதென்று ஆண்டவனே எழுத்தாணி எடுத்தான் என்பது சைவர்களின் நம்பிக்கை.

வரும் மார்கழியில் சேமக்கல ஓசை கேட்டு எழுந்து ஆலயம் செல்லும்போது, அந்தத் திருவடிகளைத் தேடிச் சென்ற கரம்பனூர் வானொலியாளரையும் அடியார்கள் ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக. அன்னாரின் ஆன்மா சிவனடியில் சாந்தி பெறவும், அன்னார் காட்டிய வழியில் ஊர்கள் தோறும் எழுதுவோர் தோன்றவும் எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பானாக.